லேபிள் அச்சடிக்க விலைப்புள்ளி கேட்கும் முன்

நிலக்கடலையை மூட்டையாக விற்காமல் செக்கில் ஆட்டி, எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து விற்கும் சிறு விவசாயிகள் பலர் இருக்கின்றனர். பாட்டிலுக்கு லேபிள் வேண்டும். இரண்டு அச்சகங்களில் விலை கேட்டால் ஒருவர் 70 காசு என்பார். மற்றவர் இரண்டரை ரூபாய் என்பார். இரண்டும் நியாயமான விலையாகவே இருக்கக்கூடும்.

ஆப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் தேவை. வண்ணப் படம் என்றால் நான்கு பிளேட். 1000 லேபிள் அடித்தாலும் 10,000 அடித்தாலும் இந்தச் செலவு மாறாது. பிளேட் வகையில் ரூ.2000, தாள், மை, அச்சுக்கூலி லேபிளுக்கு 50 காசு என்று வைத்துக்கொள்வோம். 1000 லேபிளுக்கு ரூ.2500, ஒன்று இரண்டரை ரூபாய். 10,000 லேபிளுக்கு ரூ.7000, ஒன்று 70 காசு.

இந்த 70 காசில்தான் ஏமாந்து போகிறோம். மாதம் 200 பாட்டில் விற்பவருக்கு 10,000 லேபிள் நாலு வருடத்துக்கு மேல் வரும். அதற்குள் முகவரியோ உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணோ மாறினால் மிச்சமெல்லாம் குப்பைக்குத்தான். குறைவாகத் தேவைப்படுவோர் டிஜிட்டல் அச்சில் கேட்கலாம். அதில் பிளேட் கிடையாது. ஒன்றின் விலை சற்றுக் கூடினாலும் 300, 500 என்று அடித்துக்கொள்ளலாம். விற்பனை விலை, தயாரித்த தேதி ஆகியவற்றுக்கு இடம் விட்டு அச்சடித்து, பிறகு முத்திரை குத்திக்கொள்வது நல்லது.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். எண் கூடினால் தாள் கனம் என்று பொருள். லாமினேஷன் என்பது அச்சின் மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். எண்ணெய் பாட்டிலுக்கு இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வெறும் தாளில் எண்ணெய் பட்டால் ஊறிக் கறையாகிவிடும். வட்டம், இலை போன்ற வடிவங்களை வெட்ட ‘டை’ செய்ய வேண்டும். அது தனிச் செலவு.

லேபிளின் நீள அகலம், எண்ணிக்கை, எத்தனை நிறம், தாள் வகை, ஜி.எஸ்.எம்., லாமினேஷன் ஆகியவற்றை எழுதி, அதே விவரத்தையே எல்லா அச்சகத்திலும் கொடுங்கள். பிளேட், டிசைன் கூலி, ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா என்றும் எழுதி வாங்குங்கள்.

அச்சேறும் முன் புரூப் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அதன்பின் தென்படும் பிழைக்கு அச்சகத்தாரைக் குறை சொல்ல முடியாது. நிகர அளவையும், பதிவு எண்ணின் 14 இலக்கங்களையும் சான்றிதழுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடவும்.