கப்பல் யாத்திரையில் ஞாயிறு பூசை



சென்ற வாரம் நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் அறைவீட்டுக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் வேலையாயிருக்கும் மகன் அவர்களை அங்கே வரவழைத்து, உல்லாசக் கப்பலில் பினாங்கு வரை அழைத்துச் செல்லப் போகிறானாம். வெள்ளிக்கிழமை புறப்படும் கப்பல் ஞாயிறன்று பினாங்குத் துறையில் நிற்கும், திங்கட்கிழமை திரும்பும். "சாமி, ஞாயிறு பூசைக்கு நான் என்ன செய்வேன்?" என்பது தாயாரின் கேள்வி. "விடுமுறைதானே அம்மா, ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்பது மகனின் பதில். பிள்ளைகளின் தயவால் இப்போது நம்மில் பலர் கப்பலேறுவதால், எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை காணும் கடன் நம் ஊர் எல்லையோடு முடிந்துபோகிற காரியமல்ல. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1248-ம் எண்ணில், கத்தோலிக்க முறைப்படி எவ்விடத்தில் நிறைவேறும் பூசையானாலும், அன்றைக்கோ முந்தின நாள் மாலையிலோ அதில் பங்குபற்றினால் கடன் தீர்ந்தது என்று கூறுகிறது. ஆகவே கப்பலின் கூடத்தில் நடக்கும் பூசையும் செல்லும். துறைமுக நகரத்துக் கோவில் பூசையும் செல்லும். குருவானவர் இல்லாததாலோ வேறு கனமான காரணத்தாலோ பூசை காண இயலாமற்போனால் அது பாவமல்ல. தனியாகவோ குடும்பமாகவோ தக்க நேரம் ஜெபத்தில் செலவிடும்படி அதே சட்டம் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறது.

ஆனால் விசாரித்தும் கிடைக்காமற்போவது ஒன்று. விசாரியாமலே இருந்துவிடுவது வேறொன்று. மகனிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: கப்பலில் எத்தனை வேளை சாப்பாடு, அறைக்கு ஜன்னல் உண்டா என்று சீட்டு வாங்கும்போது கேட்டாயே, பூசை உண்டா என்று கேட்டாயா? பினாங்கு ஜார்ஜ்டவுனில் தமிழ்க் கத்தோலிக்கரின் அர்ச். சவேரியார் கோவில் துறைமுகத்திலிருந்து அதிக தூரமில்லை. பூசை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஊர்சுற்றிக் காட்டும் பேருந்துக்கு முன்போ பின்போ போய்வரலாம். நேரம் இரண்டும் மோதினால் எதை விடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாயாருக்கு அது தெரியும்.

கப்பலுக்குள் சில விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். ஞாயிறன்று எல்லாச் சபையாருக்கும் பொதுவாக ஒரு ஜெபக்கூட்டம் சில கப்பல்களில் நடக்கும். கப்பல் தலைவரே அதை நடத்துவதும் உண்டு. அது பூசையல்ல. அறையிலுள்ள தொலைக்காட்சியில் பூசை பார்ப்பது நோயாளிகளுக்கு ஆறுதல். நடமாடக்கூடியவர்களுக்குக் கடன் தீர்ப்பதல்ல. பிரயாணிகளில் ஒருவர் தம்மைக் குருவென்று சொன்னால், மேற்றிராணியாரோ சபைத் தலைவரோ கொடுத்த அத்தாட்சியைக் கப்பலார் கேட்டுப் பார்ப்பது முறை.

கப்பலில் பூசை என்றதும் 1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் தேதி என் நினைவுக்கு வருகிறது. பாஸ்கு திருநாளுக்கு அடுத்த ஞாயிறு அது. தம்பியின் விவாகத்தை நடத்திவைக்க நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த தாமஸ் பைல்ஸ் என்னும் ஆங்கிலேயக் குரு, டைட்டானிக் கப்பலில் காலையில் இரண்டாம் வகுப்பாருக்கும், பின்பு மூன்றாம் வகுப்பு ஏழைகளுக்கும் பூசை வைத்தார். அன்றிரவே கப்பல் பனிமலையில் மோதியது. அவர் படகேற மறுத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டும், ஜெபமாலை சொல்லுவித்தும் நின்றதைப் பிழைத்தவர்கள் கண்டு சொன்னார்கள். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. கப்பலேறுகிறவர்களைப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. அன்று காலை அந்தக் கூடத்தில் முழங்காலிட்டவர்களில் அநேகருக்கு அதுவே கடைசிப் பூசை. அதை அவர்கள் அறியார்கள். யாத்திரைதானே என்று படுக்கையில் கிடந்திருக்கலாம், எழுந்து வந்தார்கள்.

இன்னொன்று. உங்கள் மேசையில் பரிமாறுகிறவர், அறையைக் கூட்டுகிறவர், அடித்தளத்து இயந்திரத்தின் அருகே வியர்வை சிந்துகிறவர் ஆகியோரில் பிலிப்பைன்ஸ் நாட்டாரும் இந்தியரும் ஏராளம்; கத்தோலிக்கரும் அநேகர். உங்களுக்கு ஓய்வான ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள். மாதக்கணக்காய்ப் பூசை காணாமல் ஏங்குகிறவர்கள் அவர்களுள் உண்டு. 1920-ல் கிளாஸ்கோ நகரில் தொடங்கி, இன்று ஸ்தெல்லா மாரிஸ் என்று வழங்கும் கடல் அப்போஸ்தல சபை இப்படிப்பட்டவர்களுக்காகவே உழைக்கிறது. குருவானவர் உள்ள கப்பலில் வேலை முடிந்த நடுநிசியில் பணியாளருக்கென்று பூசை வைப்பதும் உண்டு. கப்பலில் குரு உண்டா என்று அவர்களைக் கேளுங்கள். அநேகமாய் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்கிற உங்களைக் கண்டு அவர்கள் மகிழ்வார்கள்.

எல்லா வழியும் அடைபட்டால், அன்றைய நிருபத்தையும் சுவிசேஷத்தையும் குடும்பமாய் வாசித்து, ஜெபமாலை சொல்லி, நன்மை வாங்கும் ஆசையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள். புயலில் அகப்பட்ட அர்ச். சின்னப்பர், தம்மோடு சேர்த்து 276 பேர் இருந்த கப்பலில் எல்லோருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்துச் சர்வேசுரனுக்கு நன்றி செலுத்தினார் என்று அப்போஸ்தலர் நடபடி 27-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் அஞ்ஞானிகள். நாமோ சாப்பாட்டு மண்டபத்தில் சிலுவை வரைந்துகொள்ளக் கூச்சப்படுகிறோம்.

தாயாரிடம் அந்த ஞாயிற்றின் வாசகங்களை எழுதிக் கொடுத்தனுப்பினேன். பினாங்குக் கோவிலுக்குத் தொலைபேசியில் பேசி நேரம் கேட்கும் வேலையை மகனிடமே விட்டிருக்கிறேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.