இரண்டு நாளில் எழும் தோட்டம்: பார்ப்பவர்கள் சொல்வது சரியா?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டம் போடுவதில் மக்களுக்கு ஆர்வம் அதிகம். வீட்டின் முன்னால் ஒரு சிறு துண்டு நிலமும் பின்னால் சற்று நீளமான கொல்லையும் உள்ள வீடுகள் அங்கு ஏராளம். எனவே தோட்ட வேலை பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு நெடுங்காலமாக நல்ல வரவேற்பு இருந்து வருகிறது. பி.பி.சி.யின் 'கார்டனர்ஸ் வேர்ல்டு' நிகழ்ச்சி 1968-ல் தொடங்கி இன்றும் நடந்து வருகிறது.

1990-களின் பிற்பகுதியில் புதிய வகை நிகழ்ச்சி ஒன்று அங்கு புகழ் பெற்றது. களை மண்டிக் கிடக்கும் கொல்லையை இரண்டே நாட்களில் அழகிய தோட்டமாக மாற்றிக் காட்டுவதே அது. இந்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பவர்களில் பாராட்டுவோரும் உண்டு, கடுமையாகக் குறை கூறுவோரும் உண்டு. இவற்றில் எது சரி என்று ஆராய்ந்தால், தோட்டம் போட விரும்பும் எவருக்கும் பயன் உண்டு.

நிகழ்ச்சி நடக்கும் விதம்

இவ்வகையில் பெயர் பெற்றது 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' என்ற பி.பி.சி. நிகழ்ச்சி. இது 1997 முதல் 2005 வரை நடந்தது. ஆலன் டிட்ச்மார்ஷ், சார்லி டிம்மாக், டாமி வால்ஷ் ஆகிய மூவரும் இதில் முக்கியமானவர்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவருடைய குடும்பத்தாரோ நண்பர்களோ நிகழ்ச்சிக்கு எழுதிப் போடுவார்கள். ஏதாவது காரணம் சொல்லி அவரை வெளியூருக்கு அனுப்பி விடுவார்கள். அவர் திரும்பி வருவதற்குள் வேலை முடிய வேண்டும். டிட்ச்மார்ஷ் தோட்டத்தின் அமைப்பைத் தீர்மானிப்பார். வால்ஷ் மரவேலையையும் கட்டு வேலையையும் கவனிப்பார். டிம்மாக் குளம், நீரூற்று ஆகியவற்றை அமைப்பார். வீட்டுக்காரர் வந்து வியந்து நிற்பதுடன் நிகழ்ச்சி முடியும். தென்னாப்பிரிக்காவின் குனு கிராமத்தில் நெல்சன் மண்டேலாவின் இல்லத்திலும் இக்குழுவினர் ஒரு தோட்டம் அமைத்தனர்.

பாராட்டுவோர் கூறுவது

அதுவரை மண்வெட்டியைத் தொடாதவர்களும் இந்நிகழ்ச்சிகளைப் பார்த்து கொல்லைக்குச் சென்றார்கள் என்பது பாராட்டுவோரின் முதல் கருத்து. பழைய நிகழ்ச்சிகள் ஓரளவு தோட்ட அறிவு உள்ளவர்களுக்கே புரிந்தன. புதியவை தோட்டமே தெரியாதவர்களையும் இழுத்து வந்தன. மிகச் சிறிய கொல்லையிலும் உட்கார ஓர் இடம், ஒரு சிறு குளம், நான்கு செடிகள் ஆகியவற்றுக்கு வழி உண்டு என்று காட்டின. டிம்மாக் என்ற பெண்மணி குழி தோண்டுவதையும் கல் சுமப்பதையும் பார்த்த பெண்கள் பலர், இந்த வேலை தங்களாலும் முடியும் என்று நம்பினர். இவை சிறிய நன்மைகள் அல்ல.

குறை கூறுவோர் கூறுவது

குறை கூறுவோரின் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரியான மரப்பலகைத் தளம், சரளைக் கல், நீரூற்று என்று தோட்டங்கள் ஒன்றுபோல் ஆகிவிட்டன என்பது ஒன்று. பொருள்களின் விலையைச் சொன்னாலும், அத்தனை பேர் இரண்டு நாள் பாடுபட்டதற்கு உரிய கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது மற்றொன்று. தோட்டத்தில் அன்றாடம் பாடுபட வேண்டிய வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லையே என்பது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஆண்டு கழித்து அந்தத் தோட்டம் என்ன ஆயிற்று என்ற கேள்வியை அவர்கள் எழுப்புகிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வியே முக்கியமானது.

திரையில் தெரியாத வேலை

மேலே போடும் தளத்தையும் கல்லையும் இரண்டு நாளில் முடித்து விடலாம். கீழே உள்ள மண்ணை இரண்டு நாளில் திருத்த முடியாது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் களிமண் நிலமே உள்ளது. ஈரமாக இருக்கும்போது பலர் அதன்மேல் நடந்து, கைவண்டி தள்ளினால் மண் இறுகிவிடும். இறுகிய மண்ணில் நீர் இறங்காது, வேரும் இறங்காது. மட்கிய எருவை ஆண்டுதோறும் இட்டு வந்தால்தான் அத்தகைய மண் பொலபொலப்பாகும்.

களையின் கதையும் இதுவே. 'பைண்ட்வீட்' என்ற கொடிக்களையும் 'கிரவுண்ட் எல்டர்' என்ற படர்களையும் அங்குள்ள தோட்டக்காரர்களுக்குப் பெரும் தொல்லை. நம் நிலங்களில் கோரைக் கிழங்கு செய்யும் வேலையை அவை அங்கு செய்கின்றன. மண்ணுக்குள் ஒரு விரற்கடை வேர் தங்கினாலும் மறுபடி முளைக்கும். அவசரமாகக் கொத்தினால் ஒரு வேர் பத்துத் துண்டாகி, களை முன்னிலும் அதிகமாகும். அதன் மேல் துணி விரித்துச் சரளை கொட்டினாலும், ஓரத்தில் கிடைக்கும் இடைவெளி வழியே அது தலை நீட்டும்.

செடிகளை நடுவதிலும் இவ்வாறே. படம் எடுக்கும் அன்று தோட்டம் நிறைந்து தோன்ற வேண்டும் என்பதற்காகச் செடிகளை நெருக்கி நட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை ஒன்றையொன்று அமுக்கும். பாதிச் செடிகளைப் பிடுங்க நேரிடும். வளர்ந்த புல்லை மண்ணோடு பாய் போலச் சுருட்டிக் கொண்டு வந்து விரித்தால் அன்றே பச்சை தெரியும். ஆனால் வேர் கீழே இறங்கும் வரை சில வாரங்களுக்கு நீர் தவறக் கூடாது. வேர்மண் இல்லாமல் பிடுங்கி விற்கப்படும் மரக்கன்றுகளை அந்நாட்டில் நவம்பர் முதல் மார்ச் வரை, மரம் உறங்கும் குளிர்காலத்தில்தான் நடுவார்கள். தொட்டியில் வளர்ந்த கன்றுகளை மற்ற மாதங்களிலும் நடலாம். எனினும் கோடையில் நட்டால் தினமும் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட மரப்பெரணியைக் கண்டு ஆசைப்பட்டு வாங்குகிறவர், உறைபனிக் காலத்தில் அதன் குருத்தை வைக்கோலால் மூடிக் காக்கவும் அறிந்திருக்க வேண்டும்.

மரப்பலகைத் தளமும் கவனிப்பின்றி நிற்பதில்லை. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் பலகை மீது பாசி படர்ந்து வழுக்கும். அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மரத்துக்குக் காப்புப் பூச்சும் தேவை.

மழைநீர் எங்கே போகும்?

தோட்டத்தில் மண்ணை மூடுவது அந்த வீட்டோடு நிற்கும் விஷயம் அல்ல. மழை பெய்தால் மண் நீரைக் குடிக்கும். சிமெண்ட் தளம் அதைத் தெருவுக்குத் தள்ளிவிடும். மோட்டார் கார் நிறுத்துவதற்காக முன்புறத் தோட்டத்தை எடுத்துவிட்டுத் தளம் போடும் வழக்கம் இங்கிலாந்து நகரங்களில் பரவியது. இதற்குத் தோட்ட நிகழ்ச்சிகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இட நெருக்கடியே பெரிய காரணம். 2007-ஆம் ஆண்டு கோடையில் அந்நாட்டில் பெருவெள்ளம் வந்தது. ஹல் நகரில் ஆறு பெருகி வந்ததைவிட, பெய்த மழை வடிய வழியின்றித் தேங்கியதே அதிக வீடுகளைக் கெடுத்தது.

இதன் பின் 2008 அக்டோபரில் இங்கிலாந்தில் புதிய விதி வந்தது. அதன்படி முன்புறத் தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல், நீர் இறங்காத தளம் போட அனுமதி பெற வேண்டும். நீர் இறங்கும் வகையில் சரளை போன்றவற்றைப் பரப்பினாலோ, தளத்தில் விழும் நீரைத் தோட்டத்து மண்ணிலேயே விட்டாலோ அனுமதி தேவையில்லை. தோட்டம் என்பது கண்ணுக்கு அழகு மட்டுமல்ல, ஊரின் வடிகாலும் ஆகும் என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

ஒருவரே, இரு நிகழ்ச்சிகள்

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு நாளில் தோட்டம் எழுப்பிய அதே டிட்ச்மார்ஷ்தான், 1996 முதல் 2002 வரை 'கார்டனர்ஸ் வேர்ல்டு' நிகழ்ச்சியையும் நடத்தினார். ஹாம்ப்ஷயரில் உள்ள தம்முடைய சொந்தத் தோட்டத்திலிருந்தே அதை நடத்தினார். அவருக்கு முன்பு அதை நடத்திய ஜெஃப் ஹாமில்டனும் பார்ன்ஸ்டேலில் தாம் உருவாக்கிய தோட்டத்திலேயே விதைப்பது, நடுவது, கவாத்து செய்வது ஆகியவற்றைப் பருவம்தோறும் காட்டினார். அங்கு ஒரு செடி காய்ந்தால் அதுவும் பார்ப்பவர்களுக்குத் தெரியும். காரணத்தையும் கேட்டு அறியலாம்.

ஆகவே குறை, நிகழ்ச்சி நடத்துபவரின் அறிவில் இல்லை. நிகழ்ச்சியின் கால அளவில்தான் உள்ளது. ஒன்று திறப்பு விழாவைக் காட்டுகிறது. மற்றொன்று ஆண்டு முழுவதும் நடக்கும் பாட்டைக் காட்டுகிறது. முன்னதைப் பார்த்து ஆர்வம் கொள்வதில் தவறில்லை. அதை மட்டும் பார்த்துப் பணத்தைப் போடுவதுதான் தவறு.

பார்ப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை

இத்தகைய நிகழ்ச்சியைப் பார்த்து அதுபோல் செய்ய விரும்புவோர் முதலில் கீழ்க்கண்டவற்றை யோசிப்பது நல்லது.

1. நம் மண் எத்தகையது? மழை நின்ற பின் நீர் எவ்வளவு நேரம் தேங்குகிறது?

2. வெயில் எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் விழுகிறது? ஓராண்டு பார்த்த பின் முடிவு செய்வது சிறந்தது.

3. நடும் செடி ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு உயரம், அகலம் வளரும்? அந்த அளவுக்கு இடைவெளி விட்டு நடுக. நடுவில் உள்ள வெற்றிடத்தில் ஓராண்டுப் பூச்செடிகளை வளர்க்கலாம்.

4. வேரில் பரவும் களை உள்ளதா? இருந்தால் ஒரு பருவம் முழுவதும் அதை ஒழித்த பிறகே நிலையான செடிகளை நடுக.

5. இருக்கும் மரத்தை வெட்டத்தான் வேண்டுமா? இருபது ஆண்டு நிழலை எந்தக் குழுவும் இரண்டு நாளில் திருப்பித் தர இயலாது.

6. வாரத்தில் எத்தனை மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்ய முடியும்? அந்த நேரத்துக்கு ஏற்ற அளவில்தான் தோட்டம் இருக்க வேண்டும்.

7. தளம் போட்டால் மழைநீர் எங்கே செல்லும்?

பாராட்டுவோர், குறை கூறுவோர் இரு சாராரின் கருத்திலும் உண்மை இருக்கிறது. தோட்டத்தின் கதவைத் திறந்து வைத்த பெருமை இந்நிகழ்ச்சிகளைச் சேரும். உள்ளே சென்ற பின் எருவிடுவதும் களையெடுப்பதும் நீர் ஊற்றுவதும் வீட்டுக்காரரின் வேலை. படப்பிடிப்புக் குழு திங்கட்கிழமை இருக்காது. அன்று மாலை வாளியில் நீர் எடுத்துச் செல்ல வீட்டில் ஓர் ஆள் உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு மண்வெட்டியை எடுப்பதே முறை.