மழை எப்போது ஆபத்தாகிறது?

ஒன்பதாம் வகுப்பில் பேரிடர் மேலாண்மைப் பாடத்தை ஒரு கணக்குடன் தொடங்குகிறேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 200 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். இந்த நீர் எங்கே போகும்?

அடுத்து, மரத்தடி மண்ணிலும் சிமெண்ட் தரையிலும் ஒவ்வொரு குவளை நீர் ஊற்றச் செய்கிறேன். மண் உறிஞ்சுகிறது, சிமெண்ட் தரையில் நீர் பள்ளம் தேடி ஓடுகிறது. காரணத்தை மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

பிறகு சென்னை வரைபடம். தென்சென்னையின் மழைநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புவது பள்ளிக்கரணை சதுப்புநிலம். அதன் பெரும்பகுதி குடியிருப்பாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. எஞ்சிய பகுதி 2022இல் ராம்சர் தலமானது. அதையொட்டிய வேளச்சேரியில் 2015 டிசம்பரில் படகுகள் ஓடின. மழை மிகுதிதான், ஆனால் நீர் தங்க வேண்டிய இடத்தில் வீடுகள் இருந்தன.

நிறைவாக, வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள வழியை வரைந்து, மூடியில்லாத வடிகால், நீர் தேங்கும் இடம், தாழ்வான மின்பெட்டி ஆகியவற்றைச் சிவப்பில் குறிக்கச் சொல்கிறேன். சென்ற ஆண்டு பதினொரு பேர் ஒரே வடிகாலைக் குறித்தனர். வரைபடத்துடன் மனு அனுப்பினோம். மூடி இன்னும் வரவில்லை. ஆனால் மழைநாளில் எம் மாணவர் எவரும் அவ்வழியே வருவதில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில் இச்செயல்பாட்டை முடித்துவிடுவது நல்லது.