வீட்டு மிக்ஸிங்குக்கு ஹெட்போன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன். இவ்வளவு இருந்தால் படுக்கையறையில் உட்கார்ந்தே ஒரு பாட்டைப் பதிந்து, மிக்ஸ் செய்து, வெளியிட்டுவிடலாம். இந்த நான்கில் ஹெட்போனைப் பற்றித்தான் தவறான சேதிகள் அதிகம் உலவுகின்றன. மைக் சுமாராக இருந்தால் பதிவு கொஞ்சம் சுமாராக இருக்கும், அவ்வளவுதான். ஹெட்போன் பொய் சொன்னால் பேஸ் எவ்வளவு, குரல் எங்கே, ரிவெர்ப் போதுமா என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் தப்பாகிவிடும்.

"ஹெட்போனில் மிக்ஸ் செய்யவே கூடாது, ஸ்பீக்கர்தான் சரி"

ஒலிக்காகவே கட்டிய ஸ்டுடியோ அறைக்கு இது பொருந்தும். நம் வீட்டு அறைக்குப் பொருந்தாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, சிமென்ட் பூசிய சுவர், டைல்ஸ் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி மாட்டிக்கொண்டு அதிரும். பேஸ் கிட்டாரில் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். ஆக, சுவரோரம் உட்கார்ந்தால் அந்தச் சுரம் நெஞ்சில் இடிக்கும். நாற்காலியை அறையின் நடுவுக்கு இழுத்தால் பெருமளவு காணாமல் போகும். மிக்ஸில் எதுவும் மாறவில்லை, நாற்காலிதான் நகர்ந்தது. சுவரில் ஒட்டுகிற ஓர் அங்குல ஃபோம் இவ்வளவு தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்யாது.

ஹெட்போனுக்கு அறை கிடையாது. அடேலின் '21' ஆல்பத்தில் பணியாற்றிய மிக்ஸிங் பொறியாளர் ஆண்ட்ரூ ஷெப்ஸ், தான் சோனி எம்டிஆர்-7506 ஹெட்போனில் மிக்ஸ் செய்வதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோ அறை நமக்கு இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் ஹெட்போனுக்கு வேறொரு குறை உண்டு, அதைத் தெரிந்தே உட்கார வேண்டும். ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது பக்க ஒலி இடது காதுக்கு மட்டும் போவதில்லை. தலையைச் சுற்றிக்கொண்டு, மிகச் சிறிய தாமதத்தோடு, ட்ரெபிள் கொஞ்சம் மங்கி, வலது காதுக்கும் போகிறது. ஹெட்போனில் இந்தக் கலப்பு அறவே இல்லை. அதனால் இடது ஓரத்தில் வைத்த கிட்டார் காதுக்குள்ளேயே வாசிப்பதுபோல உறுத்தும். நாம் பயந்து அதை நடுவுக்குத் தள்ளுவோம்; காரில் போட்டுக் கேட்டால் பாட்டு ஒடுங்கிக் கிடக்கும். ரிவெர்பும் அப்படித்தான். ஹெட்போனில் அதன் வால் அடங்கும்வரை தெளிவாகக் கேட்பதால் கொஞ்சம் போட்டாலே நிறைவாகத் தோன்றும். ஸ்பீக்கரில் குரல் வறண்டு நிற்கும். இரு காதுக்கும் போகும் அந்தக் கலப்பைச் செயற்கையாகத் தருகிற மின்சுற்றை பெஞ்சமின் பாவர் 1961-லேயே எழுதிவிட்டார். இன்று 'கிராஸ்ஃபீட்' என்ற பெயரில் இலவச பிளக்இன்களாகவே கிடைக்கிறது. எப்போதும் போட்டு வைக்க வேண்டியதில்லை. இட வலமும் ரிவெர்பும் தீர்மானிக்கிற நேரத்தில் போட்டுப் பாருங்கள். பாட்டை மோனோவாக்கி ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். உங்கள் பாட்டைக் கேட்கப்போகிறவர்களில் பலர் கேட்பது அதில்தான்.

"ப்ளாட்டான ஹெட்போன் வாங்கினால் போதும்"

எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் தருவதுதான் ப்ளாட் என்றால், அப்படி ஒரு ஹெட்போனை யாரும் காதில் வைத்திருக்க மாட்டார்கள். அது உயிரற்று ஒலிக்கும். எதிரே இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி காது மடலிலும் காதுக் குழாயிலும் பட்டு வரும்போது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி பத்து டெசிபலுக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. நம் மூளை பிறந்ததிலிருந்து அதைத்தான் இயல்பு என்று பழகியிருக்கிறது. காதை ஒட்டி உட்காரும் ஹெட்போன் அந்த ஏற்றத்தைத் தானே தர வேண்டும். எவ்வளவு தர வேண்டும் என்பதைத்தான் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்து ஆராய்ந்தார்கள். 'ஹார்மன் டார்கெட்' என்று இன்று பலரும் சொல்வது அங்கிருந்து வந்தது.

ஆகவே அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'ப்ளாட்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். உங்கள் ஹெட்போன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1991-இல் வந்த எம்டிஆர்-7506 ட்ரெபிள் பக்கம் சாயும். எடிட்டில் விழுந்த கிளிக், பாடகரின் 'ஸ' உறுத்தல் எல்லாம் பளிச்சென்று தெரியும். பேயர்டைனமிக் டிடி 990 புரோவில் ட்ரெபிள் இன்னும் தூக்கல். தெரியாமல் வேலை செய்தால் ட்ரெபிளை வெட்டி வெட்டி, பாட்டு போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600-இல் குரலும் நடுப்பகுதியும் நேர்மையாக இருக்கும். அடிமட்ட பேஸ் குறைவாகத்தான் கேட்கும். அதை நம்பி பேஸை ஏற்றினால் கார் கதவு அதிரும்.

இதற்கு மருந்து, பல இடங்களில் கேட்டு நன்றாகத் தெரிந்த நான்கைந்து பாட்டுகள். அவற்றை உங்கள் மிக்ஸ் இருக்கிற அதே ப்ராஜெக்டில் ஒரு ட்ராக்காகப் போட்டு, சத்தத்தை உங்கள் மிக்ஸ் அளவுக்குக் குறைத்து, மாற்றி மாற்றிக் கேளுங்கள். மாஸ்டர் செய்த பாட்டு எப்போதும் சத்தமாக இருக்கும். அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் அதுதான் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

ஹெட்போனின் சாய்வைத் திருத்தித் தரும் மென்பொருள்களும் உண்டு, உதவும். பாட்டை எக்ஸ்போர்ட் செய்யும்போது மாஸ்டர் ட்ராக்கில் அதை அணைக்க மறந்தால், அந்தத் திருத்தம் பாட்டோடு சேர்ந்தே வெளியே போய்விடும்.

"விலை ஏற ஏறத் தரம் ஏறும்"

2017-இல் ஜெரூன் பிரீபார்ட் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ஒலிச் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு காணவில்லை. கூடுதல் பணம் வாங்கித் தருவது பெரும்பாலும் உறுதியான கட்டுமானம், மணிக்கணக்கில் உறுத்தாத பொருத்தம், தனியாகக் கிடைக்கும் உதிரி பாகம் போன்றவற்றை. அவையும் முக்கியம்தான். கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு முக்கியமில்லை.

"ஓம் அதிகமானால் புரொஃபஷனல்"

பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் மின்தடையுள்ள மூன்று வகையில் வந்தது. இது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற தரவரிசை அல்ல. எதில் செருகப்போகிறீர்கள் என்பதற்கான கணக்கு. அதே சத்தத்துக்கு 250 ஓம் வகைக்கு 32 ஓம் வகையைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வோல்டேஜ் வேண்டும். போனிலும் சாதாரண லேப்டாப்பிலும் செருகினால் சத்தம் போதாமல் தவிப்பீர்கள். லேப்டாப்பில் நேராகச் செருகுகிறவர்கள் 80 ஓமுக்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.

"5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை", "50 மி.மீ. டிரைவர்"

மனிதக் காது கேட்பது 20-லிருந்து 20,000 வரை; வயது ஏற மேல் எல்லை இறங்கும். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத எண் விளம்பரத்துக்கு மட்டுமே உதவும். ஒலியெழுப்பும் டிரைவரின் அளவும் அப்படித்தான்: ஸ்டுடியோக்களில் பல்லாண்டு உழைத்த 7506-இன் டிரைவர் 40 மி.மீ. தான்.

"புளூடூத், நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் இன்னும் நல்லது"

பயணத்துக்கு நல்லது. ஆனால் புளூடூத்தில் ஒலி தாமதமாகத்தான் வரும். கீபோர்டில் கட்டையை அழுத்தி, சற்றுப் பொறுத்து ஒலி வந்தால் தாளம் எப்படி நிற்கும்? இத்தகைய ஹெட்போன் ஒலியை உள்ளேயே தன் விருப்பத்துக்கு மெருகேற்றவும் செய்யும். மிக்ஸிங்குக்கு வயர்தான்.

"மிக்ஸிங் என்றால் ஓபன் பேக்தான்"

அமைதியான அறையில், பதிவு வேலை இல்லாதவருக்கு பின்புறம் திறந்த ஓபன் பேக்தான் என் தேர்வும். ஒலி தலைக்குள் அடைபடாமல் விரியும், காதும் சீக்கிரம் களைக்காது. ஆனால் நம்மில் பலர் அதே அறையில் பாடிப் பதியவும் வேண்டும். ஓபன் பேக்கிலிருந்து கசியும், தாளம் காட்டும் கிளிக் ஓசையை கண்டென்ஸர் மைக் அப்படியே பிடித்துக்கொள்ளும். தலைக்கு மேலே ஃபேன், தெருவில் ஹாரன் என்றால் அவற்றை மீறிக் கேட்க நீங்கள் சத்தத்தை ஏற்றுவீர்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்புறம் மூடிய குளோஸ்டு பேக் வாங்குங்கள்.

"நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பக்குவப்படும்"

'பர்ன்-இன்' என்று இதற்குப் பெயர். டிரைவரில் நேர்கிற மாற்றம் அளவுக்கருவியில் தெரிந்தாலும் காதுக்குப் பெரிதாக எட்டாது. உண்மையில் மாறுவது குஷன். புதுக் குஷன் காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் பொருந்தி, பேஸ் கசியாமல் அடைக்கும். குளோஸ்டு பேக் ஹெட்போனில் ஏதாவது பாட்டைப் போட்டு, ஒரு விரலைக் காதுக்கும் குஷனுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். கிக் டிரம் சட்டென்று மெலியும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு கண்ணாடிக் காம்பு நாள் முழுக்க அந்த வேலையைத்தான் செய்கிறது. அவர்கள் மெல்லிய காம்புள்ள கண்ணாடியை வேலைக்கென்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வியர்வையில் செயற்கைத் தோல் குஷன் சீக்கிரம் வெடித்துச் செதில் செதிலாக உதிரும், நுரை தட்டையாகும், அடைப்பு தளரும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று புதிது வாங்குமுன் அசல் குஷனை மாற்றிப் பாருங்கள். வாங்கும்போதே அந்த மாடலுக்குத் தனிக் குஷன் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

"சத்தமாக வைத்தால்தான் பேஸ் தெரியும்"

தெரியும், அதுதான் ஆபத்து. சத்தம் குறையும்போது காது பேஸை அதிகமாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். உச்சத்தில் வைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் போதுமென்று தோன்றும். வீட்டில் மெதுவாக வைத்துக் கேட்கிறவருக்குப் பாட்டு சப்பென்று இருக்கும். பக்கத்தில் ஒருவர் இயல்பாகப் பேசுகிற அளவில் வைத்து வேலை செய்யுங்கள். முடிவில் ஓரிரு நிமிடம் மட்டும் ஏற்றிச் சரிபாருங்கள்.

85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. அதற்கு மேல் மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதுக்குள் ரீங்காரம் கேட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். ஓரிரு நாளில் அது அடங்காவிட்டால் தாமதிக்காமல் காது மருத்துவரைப் பாருங்கள்.