யாருடைய கதை? யாருடைய திரை?

பாஷையூர், நாவாந்துறை போன்ற எமது கரையோரக் கிராமங்களில் நாட்டுக்கூத்து எப்படி மேடையேறுகிறது என்பதை நாம் அறிவோம். அண்ணாவியார் பழக்குவார். இளைஞர்கள் வேடம் கட்டுவார்கள். செலவை ஊரார் பகிர்ந்துகொள்வார்கள். நடிப்பவர்களும் ஊரார், பார்ப்பவர்களும் ஊரார்.

சினிமா வெளியிலிருந்து வருகிறது. நாம் காசு கொடுத்துப் பார்க்கிறோம். அதில் மீனவரும் கூலித் தொழிலாளியும் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா? பல படங்களில் அவர்கள் சிரிக்க வைக்கவோ அடி வாங்கவோ மட்டுமே வருகிறார்கள். இதே அவமதிப்பை அனுபவித்த இன்னொரு மக்கள் அதற்கு என்ன மறுமொழி கொடுத்தார்கள் என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

கறுப்பின மக்களின் அனுபவம்

1915இல் ஐக்கிய அமெரிக்காவில் 'த பேர்த் ஒஃப் எ நேஷன்' என்னும் படம் வெளிவந்தது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசி, கறுப்பின மக்களைக் கொடியவர்களாக நடித்துக் காட்டினர். கறுப்பின மக்களைக் கொன்று திரிந்த கூட்டத்தாரை அப்படம் வீரர்களாகப் புகழ்ந்தது.

இதற்குக் கறுப்பினத்தவர்களே திரையில் பதில் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஒஸ்கார் மிஷோ. இவர் அடிமையாகப் பிறந்த ஒருவரின் மகன். தெற்கு டகோட்டாவில் நிலம் திருத்திப் பயிர் செய்த விவசாயி. தாம் எழுதிய நூல்களை வீடு வீடாகச் சென்று விற்றார். சுற்றுவட்டார விவசாயிகளிடம் பங்குகள் விற்றுச் சேர்த்த பணத்தில் 1919இல் முதற்படத்தைத் தயாரித்தார். 1920இல் வந்த இவரது 'விதின் அவர் கேற்ஸ்' கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்பட்ட கொடுமையை வெளிப்படையாகக் காட்டியது.

ஆபிரிக்காவின் செனகல் நாட்டில் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஊஸ்மான் செம்பென். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கிய இவர், பின்னர் நாவலாசிரியரானார். ஆனால், தாம் பிரெஞ்சில் எழுதியதைத் தமது மக்களில் மிகப் பலரால் வாசிக்க முடியவில்லை என்பதைக் கண்டு சினிமாவுக்குத் திரும்பினார். 1968இல் 'மண்டபி' படத்தை மக்களின் வொலோவ் மொழியில் எடுத்தார். தமது படங்களைக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்று, மக்களோடு இருந்து கலந்துரையாடினார்.

படம் எடுத்தால் போதாது. காட்ட இடம் வேண்டும். பெரிய படமாளிகைகள் இடம் தராதபோது மக்கள் தாமே இடம் உண்டாக்கினார்கள். 1969இல் வாகடூகு நகரில் ஆபிரிக்கப் படங்களுக்கான விழா தொடங்கியது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பான் ஆபிரிக்கத் திரைப்பட விழா 1992 முதல் ஆண்டு விழாவாக நடந்து வருகிறது.

எமக்கு அருகில்

மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமாரன்' என்னும் மௌனப்படத்தை ஜே.சி. டானியல் இயக்கினார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பி.கே. ரோஸி அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் கலகம் செய்தனர். ரோஸி திருவனந்தபுரத்தை விட்டே ஓட நேர்ந்தது. அந்தப் படத்தின் பிரதிகூட இன்று இல்லை.

ஆனால் அவரது பெயர் அழியவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையம், 2022இல் சென்னையில் ரோஸியின் பெயரால் தலித் திரைப்பட விழாவைத் தொடங்கியது. அது ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தில் நடைபெறுகிறது. அந்த மாதமும் அமெரிக்காவின் கறுப்பின வரலாற்று மாதத்தை முன்மாதிரியாகக் கொண்டதே.

எமது குடாநாட்டிலும் தொடக்கம் இருக்கிறது. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ 1977இல் 'பொன்மணி' என்னும் தமிழ்ப்படத்தில் யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் தொட்டார். 2015இல் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா தொடங்கப்பட்டது. ஆனால் பட்டணத்து விழாவுக்குக் கூலிவேலை முடித்து வர முடியாதவர்கள் பலர். விழா அவர்களின் ஊருக்கு வரவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஆண்டுக்கு ஓர் இரவு போதும். வெள்ளைத் துணி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி ஆகியவற்றை வாடகைக்கோ இரவலாகவோ பெறலாம். சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் செலவைப் பகிரலாம். படத்தின் உரிமையாளரிடம் சம்மதமும், சட்டப்படி தேவையான அனுமதியும் முன்கூட்டியே பெறவேண்டும். படம் முடிந்ததும் அரைமணி நேரமாவது பேசவேண்டும். பேசாமற் கலைந்தால் அது வெறும் பொழுதுபோக்காகிவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. படத்தைத் தெரிவுசெய்யும் குழுவில் ஊரின் ஒதுக்கப்பட்ட குடும்பங்களும் இருக்கவேண்டும். எல்லோரும் ஒரே பாயில் கலந்து உட்கார வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில், உள்ளே செல்லும் உரிமை கேட்டு மக்கள் நின்றார்கள். எமது தேவாலய இருக்கைகளிலும் சேமக்காலைகளிலும் வேற்றுமை பார்த்த காலத்தை நாமும் மறைக்கலாகாது. பின்வரிசையில் இருத்தப்பட்டவருக்கு, திரையில் காட்டப்படும் சமத்துவத்தால் என்ன பயன்?

இயேசு அயலான் யார் என்று விளக்கக் கதை சொன்னபோது, கேட்டவர்கள் இழிவாக எண்ணிய சமாரியனையே கதையின் நாயகனாக்கினார். குருவும் லேவியனும் விலகிப் போனார்கள். யாரை நடுவில் வைத்துக் கதை சொல்கிறோம் என்பது விசுவாசத்தோடும் தொடர்புள்ள கேள்விதான்.

குழுக்களில் கலந்துரையாட

1. எமது ஊர்க் கூத்தில் இராசா வேடம் யாருக்கு, சேவகன் வேடம் யாருக்குக் கிடைத்து வந்துள்ளது? ஏன்?

2. அண்மையில் பார்த்த படமொன்றில் எம்மைப் போன்றவர்கள் எப்படிக் காட்டப்பட்டார்கள்?

3. எமது ஊரில் இன்னும் எவரும் சொல்லாத கதை யாருடையது? அதைச் சொல்ல அவரை நாம் அழைப்போமா?