மழைக்கால நாற்றுக் கொட்டகைக்கு வெள்ளைச் சுவர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்பேட்டைகளுக்கு இடையே கிணற்றுப் பாசனத்திலும் ஏரிப் பாசனத்திலும் காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு ஒவ்வொரு சென்ட் நிலமும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் கத்தரி நட வேண்டுமானால் கார்த்திகையிலேயே நாற்று விட வேண்டும். அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. இத்தகைய மழையில் திறந்தவெளி நாற்றங்கால் தாங்காது. எனவே குழித்தட்டுகளைத் தாழ்வாரத்திலோ, ஒரு பக்கம் திறந்த கொட்டகையிலோ வைத்து நாற்று வளர்க்க வேண்டியதாகிறது.

அங்கு வேறொரு தொல்லை உண்டு. ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறது. நாற்றுகள் அப்பக்கமாகச் சாய்ந்து, வெளிறி, நூல்போல் நீண்டுவிடுகின்றன. இவற்றை வயலில் நட்டால் காற்றுக்கும் வெயிலுக்கும் தாங்காமல் மடிகின்றன. மறுபடி நாற்று விட 30 முதல் 35 நாட்கள் ஆகும், பட்டமே தவறிவிடும்.

நாற்று ஏன் சாய்கிறது?

தண்டின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி, ஒளி படாத பக்கத்தில் அதிகமாகச் சேருகிறது. அப்பக்கத் திசுக்கள் அதிகம் நீளுவதால் தண்டு ஒளியை நோக்கி வளைகிறது. எதிர்ப்பக்கச் சுவரிலிருந்தும் ஒளி திரும்பி வந்தால் இந்த வேறுபாடு குறைந்து நாற்று நேராக நிற்கும்.

எந்தப் பொருள் நல்லது?

புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, தன்மேல் படும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். பூசாத செங்கல் சுவர் ஏறத்தாழ கால் பங்கே திருப்பும். பளபளக்கும் அலுமினியத் தாள் சுண்ணாம்பை விடப் பெரிய அளவில் மேலானதன்று. வெள்ளைச் சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் சீராகப் பரப்பும். கசங்கிய தாளோ ஓரிடத்தில் மிகுதியாகவும் வேறிடத்தில் குறைவாகவும் ஒளியை வீசும். முகம் பார்க்கும் கண்ணாடி கனமானது, உடையக்கூடியது, செலவும் அதிகம். ஆகவே சிறு விவசாயிக்குச் சுண்ணாம்பே ஏற்றது.

சுண்ணாம்பு அடிக்கும் முறை

1. ஒரு கிலோ கற்சுண்ணாம்புக்கு 5 லிட்டர் வீதம் தண்ணீர் சேர்த்து, ஒரு நாள் ஊறவிட்டு வடிகட்டவும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் படாமலும் குழந்தைகள் நெருங்காமலும் பார்த்துக்கொள்ளவும்.

2. உதிராமலிருக்கச் சிறிது வஜ்ஜிரம் சேர்த்து இரண்டு பூச்சு அடிக்கவும்.

3. வீட்டுக்கு அடிப்பதுபோல் நீலம் கலக்க வேண்டாம். அது கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றச் செய்யுமே தவிர, பயிருக்குப் பயன்படும் சிவப்பு ஒளியை ஓரளவு விழுங்கிவிடும்.

தாள் பொருத்தும் முறை

ஓதம் ஏறிய சுவரிலும் தகரத் தடுப்பிலும் சுண்ணாம்பு நிற்காது. அங்கு வெள்ளைப் பாலித்தீன் தாளைப் பொருத்தலாம். சுவரில் ஓர் அங்குலக் கனமுள்ள மரச் சட்டங்களை அடித்து, அவற்றின்மேல் தாளைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டவும். நேராகப் பசை தடவி ஒட்டினால் பின்புறம் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். தரையிலிருந்து 4 அங்குலம் விட்டுத் தாளைத் தொடங்கவும். பழைய பொருள் கடையில் வெள்ளைத் தெர்மாகோல் பலகை கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அது எளிதில் தீப்பற்றும். மின்கம்பி, அடுப்பு அருகே வைக்கக்கூடாது.

எச்சரிக்கை: அலுமினியத் தாளில் மின்சாரம் பாயும். விளக்கு எரியும் ஈரமான கொட்டகையில் தாள் மின்கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இத்தாளை ஏற்கெனவே ஒட்டியிருப்பவர்கள் கம்பிகளையும் ஹோல்டர்களையும் உடனே சோதித்து, மின்கசிவுத் தடுப்பானையும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சுவர் ஒளியை உண்டாக்குவதில்லை. வந்த ஒளியை வீணாகாமல் திருப்புகிறது, அவ்வளவே. சிறு சன்னல் மட்டுமுள்ள இருட்டறையை எந்தத் தாளும் நாற்றங்காலாக மாற்றாது. தட்டுகளைத் திறந்த பக்கத்திலிருந்து 3 அடிக்குள் வைத்து, வெள்ளைத் தடுப்பை அவற்றின் பின்னால் ஒன்றரை அடிக்குள் நிறுத்தவும். தட்டுகளை நாள்தோறும் திருப்பி வைக்கவும். தடுப்பில் படியும் தூசியை வாரம் ஒருமுறை துடைக்கவும். சாலைப் புழுதி படிந்தால் வெள்ளையும் பயன் தராது. காற்றோட்டத்தை அடைக்கக் கூடாது. அடைத்தால் நாற்றழுகல் தோன்றும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றுகளைச் சிறிது சிறிதாக வெளி வெயிலுக்குப் பழக்கவும்.

முளைத்த ஐந்தாம் நாளில் நாற்றுகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேராக நின்றால் ஒளி போதும். இன்னும் சாய்ந்திருந்தால் தட்டுகளை மேலும் வெளிப்புறமாக நகர்த்துங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே, சுவர் காய்ந்திருக்கும்போது, சுண்ணாம்பு அடித்து முடித்துவிடுவது நலம்.