கூட்டு வீட்டில் கொத்து வேலையும் மனைவியின் ஹக்கும்

கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரமான வீடு. கணவர் தாமே மேஸ்திரியைப் பிடித்து, சுவர் பூசவும் தரை போடவும் கூலி பேசி, முன்பணமும் கொடுத்துவிடுகிறார்; பிறகுதான் வீட்டில் சொல்கிறார். ஆத்தூரில் நம்மிடம் வரும் மஸ்அலாக்களில் இதுவும் ஒன்று. 'கணவர் பேசினால் மனைவி பேசியது போலத்தானே?' என்கிறார்கள். அல்லவே அல்ல.

நிக்காஹ் இருவர் உடைமையையும் ஒன்றாக்கிவிடுவதில்லை. பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்கே பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயம் 32ஆம் வசனத்தின் கருத்து. இங்கிலாந்தில் மணமான பெண்களுக்கு இத்தகைய உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முழுமையாயிற்று. நம் தாய்மார்களுக்கு அது என்றோ வந்துவிட்டது. ஆனால் உரிமை கிதாபில் இருக்கிறது, பத்திரம் கணவரின் பெட்டியில் இருக்கிறது!

ஹனஃபி ஃபிக்ஹின்படி, கூட்டுச் சொத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பங்குக்கு அந்நியரே. உஸ்மானியர் காலத்து மஜல்லா சட்டத்தொகுப்பின் 1075ஆம் பிரிவும் இதையே கூறும். ஆகவே அனுமதி கேட்டாக வேண்டும். கேளாமல் கணவர் செப்பனிட்டால், மனைவியின் பங்குக்கு அவர் செய்த செலவு நன்கொடையாகிவிடும். பின்னர் மனக்கசப்பு வரும்போது 'பாதியைக் கொடு' என்று கேட்க வழியில்லை. அனுமதி பெற்றுச் செய்திருந்தால் நியாயமான செலவில் அவள் பங்கைக் கேட்கலாம். மேஸ்திரியின் கூலிக்கோ, பேசியவரே கடன்பட்டவர்.

நகை விஷயம் இன்னும் நுட்பமானது. மனைவி வளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள். அது கடனா, ஹதியாவா? அன்றே பேசிக்கொள்ள வேண்டும். மஹரைக்கூட அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் கணவர் அனுபவிக்கலாம் என்று அதே அத்தியாயம் 4ஆம் வசனம் நிபந்தனையிடுகிறது. மாமியார் முன்னிலையில் தலையசைத்தது மனமுவந்ததாகுமா? கடன் என்றால் எழுதிவையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதுவதைப் பற்றியதுதான்.

எழுதாததன் விளைவு கணவர் வஃபாத்தானபின் தெரியும். பிள்ளைகள் உண்டு; மனைவிக்கு எட்டில் ஒன்று என்று முழு வீட்டையும் பங்குவைக்க உட்காருகிறார்கள். இது பெரும் அநீதி. இருவருக்கும் சரிபாதி என்று பத்திரம் இருந்தால், அவள் பாதி தர்க்காவிலேயே சேராது. கணவரின் பாதியிலிருந்துதான் மேஸ்திரியின் பாக்கி, மனைவியின் நகைக்கடன், கொடுபடாத மஹர் எல்லாம் தீர வேண்டும். கடன் ஏதுமில்லை, வஸிய்யத்தும் இல்லை என்றால், அந்தப் பாதியில் எட்டில் ஒன்றும் அவளுக்கே. ஆக, வீட்டின் 16 பங்கில் 9 பங்கு அவளுடையது. 2 பங்கு அல்ல.